தோல்பட்டை ஆறுவதற்குள்

சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றும்போது கீழே சாலையில் மாட்டு மணிகள் ஒலிக்கத் தொடங்கின. பனிச்சறுக்குப் பந்தயத்தின் முதல் அணி ஊருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். எர்மின் திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் தியோவின் மார்போடு ஒட்டிக் கிடந்த, பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் ஒட்டுகிற இரண்டு தோல்பட்டைகளையும் மெதுவாக வெளியே எடுத்தாள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. தியோவின் உயிர் போய் ஒரு கோப்பை காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

எடுத்துவிட்டாளே தவிர, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசை சில்லென்று கிடந்தது. அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட முதல் குளிர்காலத்திலேயே அவள் கற்றுக்கொண்ட பாடம். கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்து, உள்ளே உடம்போடு உடம்பாக இரண்டையும் செருகிக்கொண்டாள். பிறகு குனிந்து தியோவின் சட்டைக்குப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

கட்டிலின் மறுபுறம் பக்கத்து வீட்டு ஒதீல் நின்றாள். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவள். பிராணவாயு இயந்திரத்தை நிறுத்தினாள். தியோவின் கண்களை மூடிவிட்டாள். குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த இலைக்கொத்தை ஒரு தம்ளர் புனித நீரில் போட்டுத் தலைமாட்டில் வைத்தாள். பிறகு போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். மணிச் சத்தமும் குளிரும் சேர்ந்து உள்ளே வந்தன.

"மூடு," என்றாள் எர்மின்.

"என்னது?"

"ஜன்னலை மூடு, ஒதீல்."

"திறக்காம எப்படி? போற உயிரு எந்த வழியாப் போகும்?"

மோந்தாலி என்ற இந்த மலையூரில் படுக்கையறை ஜன்னல் இப்படி இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தால் தெருவில் போகிறவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். கிட்டே வந்து பார்க்க வேண்டியதுகூட இல்லை. எதிர்ச் சரிவில் பனிச்சறுக்குப் பலகையில் இறங்கி வருகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது இந்த வீடுதான், இந்த ஜன்னல்தான். இன்னும் சற்று நேரத்தில் அந்தச் சரிவில் கொராலி இறங்கி வருவாள். இந்த வீட்டின் ஒரே மகள்.

"அவரு அவசரப்பட மாட்டாரு," என்றாள் எர்மின். "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவரு. தூரத்துல ஒரு ஆளு கையாட்டினாப் போதும், நிறுத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பெத்த மக வர வரைக்கும் நிறுத்தி வைக்க மாட்டாரா?"

ஒதீலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினாள்.

அது உண்மைதான். ஊரிலிருந்து கீழே ரோன் சமவெளிக்குப் போகும் மஞ்சள் தபால் பஸ்ஸைத் தியோ ஓட்டிய காலத்தில், அது ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அதற்காக அவரைத் திட்டாத மேலதிகாரி இல்லை. அவரால் மலையில் விடப்பட்ட பயணி என்றும் ஒருவர் இல்லை. எர்மினையே அவர் அப்படித்தான் பிடித்தார். சமவெளி ஆப்ரிகாட் தோப்புக்காரர் மகள், கையில் கூடையோடு ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பஸ்ஸை நிறுத்தினவர், அதற்குப் பிறகு அவள் ஏறாத நாளிலும் அங்கே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன பிறகும் அவளை 'ஏ ஆப்ரிகாட்' என்றுதான் கூப்பிட்டார்.

நேற்று மாலை போட்ட ஏற்பாடு வேறு. கொராலி தன் இரண்டு தோழிகளோடு பந்தயத்துக்குக் கிளம்பும் முன், அப்பாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். மூவர் மூவராக ஓடுகிற பந்தயம் அது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் தொடங்கி, இரண்டு மலையைத் தாண்டி இந்த ஊருக்குள் இறங்கி, திரும்ப மேலே காக்கைக் கணவாய்க்கு ஏறி, அந்தப்புறம் பனியாற்றின் மீது ஒரே கயிற்றில் மூவரும் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஏறுவதற்குப் பலகைக்கு அடியில் தோல்பட்டை வேண்டும். ஒரு பக்கம் மயிர், மறுபக்கம் பிசின். உச்சியில் அதை உரித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். அடுத்த ஏற்றத்துக்குத் திரும்ப ஒட்டுவார்கள். பிசின் குளிர்ந்தால் ஒட்டாது. ஒட்டாவிட்டால் ஓரடி ஏறினால் இரண்டடி வழுக்கும்.

போன பந்தயத்தில் கொராலியின் பட்டை ஊருக்குச் சற்று மேலே கழன்று விழுந்தது. அவள் ஒருத்தி நின்றாள், மூவரும் நின்றார்கள். இந்தப் பந்தயத்தின் சட்டமே அதுதான். இரண்டு பேராகப் போய்ச் சேர்ந்தால் போகவே இல்லை என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அணித் தலைவி முரியேலுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது, முழங்கால் அறுவைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இந்தத் தடவை விட்டால் அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. கொராலிக்கு அதுதான் நெஞ்சில் கல்லாக இருந்தது. போன தடவையும் தன்னால்தானே என்று.

"ஒரு ஜோடி என்கிட்ட விட்டுட்டுப் போ," என்றார் தியோ. குரல் பாதிதான் வந்தது. "படுக்கையில சும்மாதானே கிடக்கேன். காய்ச்சலும் இருக்கு. இந்தக் காய்ச்சலுக்கு ஒரு பிரயோஜனமாவது வேணாமா? நீ ஊருக்குள்ள வரப்ப ஒதீல் ஓடி வந்து கொடுப்பா. நல்லாச் சுட்டு வச்ச ரொட்டி மாதிரி."

கொராலி அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அப்பா, நீ நல்ல அடுப்புதான்," என்றாள்.

ஒதீல்தான் ஓட வேண்டும் என்பதில் யாருக்கும் கேள்வி இல்லை. பனி விழத் தொடங்கியதிலிருந்து எர்மின் அந்தக் கட்டிலை விட்டு ரொட்டி வாங்கக்கூடப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கும் போகவில்லை. குருவானவர்தான் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இன்று விடிந்த பிறகு தியோ ஒரே ஒரு தடவை பேசினார். மார்பின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "தோலு ஆறாமப் பாத்துக்கோ," என்றார். எர்மின் சரி என்றாள். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. மகளிடம் சொல்லு என்றோ சொல்லாதே என்றோ அவர் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பொறுப்பு முழுசாக எர்மின் தலையில் வந்து விழுந்தது.

"அப்ப, அவகிட்டச் சொல்லப் போறதில்லையா?" என்று கேட்டாள் ஒதீல்.

"கணவாயைத் தாண்டட்டும்."

"எர்மின், நாளைக்கு அவ கேப்பா. அப்பா செத்தது தெரிஞ்சும் கையில டீயைக் கொடுத்து அனுப்பிட்டியேன்னு கேப்பா. அதுக்கு நீ என்ன பதில் வச்சிருக்கே?"

சொன்னால் கொராலி அந்த நிமிஷமே பலகையைக் கழற்றிவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. அவள் கழற்றினால் முரியேலும் கழற்ற வேண்டும், இன்னொரு தோழி நதீனும் கழற்ற வேண்டும். சொல்லாவிட்டால், பெற்ற தகப்பன் செத்த நேரத்தில் தன்னை முட்டாளாக்கி மலையேற்றி அனுப்பிய அம்மா என்று காலம் பூராவும் அவள் மனசில் ஒரு முள் கிடக்கும். தியோவின் முகத்தைப் பார்த்தாள். நீங்களே ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்பது போலப் படுத்திருந்தார்.

"தோலைக் கொடு," என்று ஒதீல் கையை நீட்டினாள். "நான் ஓடிப் போய்க் கொடுத்துட்டு வந்துடறேன். அதானே ஏற்பாடு?"

எர்மின் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டாள். விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சூட்டை எடுத்து இன்னொருத்தர் கையில் கொடுக்க அவளால் முடியவில்லை.

"நீ அவரு பக்கத்துல இரு," என்றாள். "நான் போறேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். எத்தனை மாதமாயிற்று தெருவில் நடந்து. பனி உருகி ஓரங்களில் தண்ணீர் ஓடியது. சண்டைக்கு விடுகிற பசுக்களின் கழுத்தில் கட்டும் பெரிய மணிகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஆண்கள் சாலையோரம் நின்று குலுக்கிக்கொண்டிருந்தார்கள். உலைவாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே அவள் ஊர் வாயை மட்டுமல்ல, சாவுக்கு அடிக்கிற ஊர்க் கோயில் மணியின் வாயையும் மூட வேண்டியிருந்தது.

மணி அடிப்பவர் ஃபிர்மன் கோயில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பாலாடைக்கட்டி போடுகிறவர், தியோவுக்கு ஐந்தாறு வயது இளையவர். தியோ பந்தயம் ஓடிய காலத்தில் அவரோடு ஒரே கயிற்றில் ஓடியவர். எர்மின் அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாள். ஃபிர்மன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினார்.

"காக்கைக் கணவாய் ஏறுறப்ப நான் பனியில உக்காந்துட்டேன், எர்மினக்கா. எந்திரிக்க மாட்டேன்னுட்டேன். தன் இடுப்புல ரப்பர் கயித்தைக் கட்டி என் இடுப்புல மாட்டி இழுத்துக்கிட்டே போனான். இந்த மேட்டுக்கு அப்புறம் இறக்கந்தான், இந்த மேட்டுக்கு அப்புறம் இறக்கந்தான்னு ஒவ்வொரு மேட்டுக்கும் பொய் சொன்னான். பாவி, அத்தனையும் நம்பினேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குக் கடைசியா வந்த அணி நாங்கதான். ஆனா மூணு பேரும் வந்தோம்."

ஊர் வழக்கப்படி மணியை இப்போதே அடித்தாக வேண்டும். எர்மின் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு பந்தயத்தன்னிக்கும் கடைசி அணி போற வரைக்கும் அவன் அந்த ரோட்டோர டீக்கடையை விட்டு நகர மாட்டான். நானும் அதுக்கு முன்னாடி கயித்தைத் தொட மாட்டேன். குருவானவர் கேட்டா நான் பாத்துக்கறேன், நீ போ."

பந்தயத்தில் வெளியார் கைகொடுக்க அனுமதி உள்ள ஒரே இடம் மோந்தாலிதான். அங்கே எள் போட்டால் எள் விழாத கூட்டம். பெரிய அண்டாக்களில் சர்க்கரை போட்ட தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. எர்மினைப் பார்த்ததும் பெண்கள் முகம் மலர்ந்துபோனார்கள். தியோ தேறிவிட்டார்போல் இருக்கிறதே, நீயே வெளியே வந்துவிட்டாயே என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி அவள் கையைப் பிடித்தார்கள். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி எர்மின் தலையை மட்டும் ஆட்டினாள். ஒருத்தி இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அது எப்போதும் தியோ நிற்கிற இடம். பந்தயம் ஓடுவதை நிறுத்திய பிறகு ஒவ்வொரு பந்தய நாளும் அவர் அந்த இடத்தில்தான் நிற்பார். பஸ் ஓட்டுநர் சீருடைக் கோட்டுக்குள் மூன்று நான்கு ஜோடி தோல்பட்டையைச் செருகிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, யாருடைய பட்டை கழன்றாலும் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார்.

அடுப்பில் காட்டினால் என்ன என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு அவர் ஒரு கதை சொல்வார். கல்யாணமான புதிதில் ஆப்ரிகாட்காரி பாசத்தில் அவருடைய பட்டைகளை அடுப்பின் மேல் காயப்போட்டாள். பிசின் உருகி வழிந்தது. பூனை அதன் மேல் படுத்தது. அதற்குப் பிறகு பட்டை பலகையில் ஒட்டவில்லை, பூனையில் ஒட்டியது. அந்த வருஷம் அவர் பலகையில் சணல் கயிறு சுற்றிக்கொண்டு ஏறினார். கதையை முடிக்கும்போது தியோ பூனை மாதிரி கத்திக் காட்டுவார். எர்மினுக்கு ஒவ்வொரு தடவையும் கோபம் வரும். அன்றைக்கு அழுதுகொண்டிருந்தவளை ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல், பூனையின் வால்மயிரைக் கத்தரித்துக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்த மனுஷன் அவர். அப்படி ஒருவரைத் தனக்குக் கொடுத்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று நினைத்துக்கொண்டாள். சட்டைக்குள் பட்டைகள் கதகதப்பாகவே இருந்தன. அதில் இருப்பது இன்னும் அவருடைய சூடுதானா, இல்லை தன்னுடையதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அணிகள் வந்தபடி இருந்தன. தேநீரை நின்றபடியே குடித்து, பட்டையை ஒட்டி, மூவர் மூவராக மேலே போனார்கள். கோதுமை நிறத் தாடி வைத்த ஒருவன் மட்டும் பலகையைக் கழற்றிப் பனியில் குத்திவிட்டு நேராக அவளிடம் வந்தான். மேல் பள்ளத்தாக்கின் ஜெர்மன் பேசுகிறவன். இந்த ஊர்ப் பேச்சு அவனுக்குக் கொச்சையாகத்தான் வந்தது.

"பஸ் டிரைவர் இல்லையா? போன தடவை இங்க எனக்குத் தோல் கொடுத்தார். அதாலதான் நாங்க முடிச்சோம்." முதுகுப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாட்டிலை எடுத்தான். வீட்டில் வடித்த பிளம் சாராயம். "அவருக்கு. எங்கப்பா போட்டது."

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எடை கூடும் என்று பல் துலக்கியின் கைப்பிடியைக்கூட வெட்டி எறிகிற கூட்டம் இது. இவன் ஒரு கண்ணாடி பாட்டிலை இரண்டு மலை தாண்டிச் சுமந்து வந்திருக்கிறான். எர்மின் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அவன் அவள் கையைக் குலுக்கிவிட்டு ஓடினான், அவனுடைய அணி அவனைத் திட்டிக்கொண்டே காத்திருந்தது.

நேரக்கெடு நெருங்கிவிட்டது. சாலைக்குக் குறுக்கே கட்டுவதற்கு அதிகாரிகள் கயிற்றை எடுத்து வைத்தார்கள். அப்போதுதான் எதிர்ச் சரிவில் மூன்று ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தன. நதீன் முன்னால், முரியேல் நடுவில், கடைசியில் கொராலி. எர்மின் தன்னையறியாமல் திரும்பி வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

வந்து நின்றதும் கொராலி குனிந்து பட்டையை ஒட்ட முயன்றாள். ஒட்டவில்லை. பனித்தூள் ஏறி, பிசின் கல்லாகிக் கிடந்தது. மாற்று ஜோடி முதல் மலையிலேயே போய்விட்டது என்று நதீன் சொன்னாள். முரியேல் முழங்காலைப் பிடித்தபடி தேநீர் குடித்தாள். அவள் கண் அந்தக் கயிற்றின் மேலேயே இருந்தது.

"ஒதீல் எங்கே?" என்று கேட்டபடி கொராலி நிமிர்ந்தாள். எதிரே அம்மா நின்றாள்.

எர்மின் கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, பட்டைகளை எடுத்து நீட்டினாள். தேநீர் அண்டாவின் ஆவி இருவருக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது. கொராலி பட்டையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, வெறும் கையால் அவற்றை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா?"

"படுத்திருக்காரு."

கொராலி தலையாட்டினாள். குனிந்து பட்டையைப் பிரித்து, பலகையின் நுனியில் மாட்டி, உள்ளங்கையால் அடிவரை அழுத்தித் தடவிக்கொண்டே போனாள். ஒரே தடவில் ஒட்டியது. அவசரத்தில் இருக்கிறவள், வேண்டியதை விட இன்னும் ஒரு தடவை மெதுவாகத் தடவினாள். பிறகு எழுந்து மற்ற இருவரிடம் போகலாம் என்றாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"அப்பாகிட்டச் சொல்லும்மா. நல்லா ஒட்டுதுன்னு."

"சொல்றேன்," என்றாள் எர்மின்.

நதீன் ரப்பர் கயிற்றை முரியேலின் இடுப்பில் மாட்டினாள். மூன்று பேரும் அதிகாரிகளைத் தாண்டினார்கள். பின்னாலேயே குறுக்குக் கயிறு கட்டப்பட்டது. காட்டுக்கு மேலே ஆரஞ்சுப் புள்ளிகள் சின்னதாகி வளைவில் மறையும் வரை எர்மின் அங்கேயே நின்றாள். சட்டைக்குள் சில்லென்று காற்று நுழைந்தபோதுதான் பொத்தானைப் போடவில்லை என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டில் பக்கம் போய்க் குனிந்து, "நல்லா ஒட்டுதாம்," என்று சொன்னாள். ஒதீல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிற்பகலில் கடைசி அணி காக்கைக் கணவாயைத் தாண்டியது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகு ஃபிர்மன் மணி அடித்தார். ஆண்களுக்கு அடிக்கிற விதத்தில் அடித்துவிட்டு, நிறுத்த மனம் வராமல் இன்னும் கொஞ்சம் அடித்தார். மணி குலுக்கின ஆண்கள், அண்டா கழுவின பெண்கள், எல்லோரும் அப்படியே வந்தார்கள். ஒவ்வொருவராக இலைக்கொத்தைப் புனித நீரில் தோய்த்துத் தியோவின் மேல் தெளித்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பஸ் கதை இருந்தது. பிரசவ வலியில் ஏற்றிக்கொண்டு போனது, மறந்துவிட்ட பள்ளிப் பையை எடுக்கப் பஸ்ஸைத் திருப்பியது. அழ வந்தவர்கள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டார்கள். எர்மின் பிளம் சாராயத்தைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தாள். அறையில் மூச்சு முட்டியது. ஜன்னலைப் பார்த்து ஒருத்தி ஏதோ சொல்லப் போனாள். ஒதீல் அவள் கையைக் கிள்ளினாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில், பந்தயம் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் வந்தது. சாலையில் அதன் மூன்று ஸ்வர ஹாரன் கேட்டதும் வீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். எர்மின் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். பகல் முழுக்க யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை.

கொராலி பந்தய உடையிலேயே வந்தாள். முகத்தில் வெயிலும் பனியும் தீய்த்த கறுப்பு. வாசலில் நின்று முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"முரியேலு முடிச்சுட்டாம்மா. முடிவுக் கோட்டுல வந்து உக்காந்து குழந்தை மாதிரி அழுதா."

"கொராலி," என்று எர்மின் தொடங்கினாள். "நான் உன்கிட்டச் சொல்லலை. காலையிலயே..."

"எனக்குத் தெரியும்."

"மணி கேட்டுச்சா? அந்தப்பக்கம் வரைக்கும் கேக்காதுன்னு நெனச்சேனே."

"டீக்கடையிலயே தெரியும். ஒதீல் வந்திருந்தா தெரிஞ்சிருக்காது." கொராலி சிரிக்கப் பார்த்தாள். "அவரு மூச்சோட இருக்கறப்ப நீ அவரை விட்டுட்டு வருவியாம்மா? சட்டைக்குள்ளேருந்து நீ எடுக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு."

எர்மின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலை மூடினாள், கோயில் மணியை நிறுத்தினாள், ஊரின் முன்னால் வாயைக் கட்டினாள். தானே போய் நின்றதை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

"தெரிஞ்சுமா போனே?"

"நீ வாயால சொல்லியிருந்தா நான் நின்னிருக்கணும். நிக்காமப் போனா நான் என்ன மகள்? நீ சொல்லலை. அதனால போக முடிஞ்சுது." அவள் கையுறைகளை உருவி மேசையில் வைத்தாள். "கோடு தாண்டற வரைக்கும் அவங்க ரெண்டு பேருக்கும் நானும் சொல்லலை. வழி பூரா பட்டை ஒரு தடவைகூடக் கழலலைம்மா. நீ செஞ்சது பெரிய உபகாரம்."

எர்மின் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. கொராலி அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொராலி தன் உடையின் ஜிப்பைக் கழுத்திலிருந்து இறக்கி உள்ளே கையை விட்டாள். பிசின் பக்கம் உள்ளே வரும்படி மடித்த இரண்டு தோல்பட்டைகளை எடுத்தாள். கணவாயில் உரித்ததிலிருந்து பையில் போடாமல் அங்கேதான் வைத்திருந்தாள். அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, இரண்டையும் அவர் மார்பின் மேல் வைத்து, திரும்பப் பொத்தானைப் போட்டாள்.

பிறகு போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். கீழே மஞ்சள் பஸ் இன்னும் கிளம்பாமல் நின்றிருந்தது. மலைக்காற்று சில்லென்று அறைக்குள் வந்தது.

எர்மின் எழுந்தாள். சட்டைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். பட்டைகள் சூடாக இருந்தன. கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து, தியோவின் கழுத்து வரை மூடிவிட்டு, ஓரங்களை உள்ளே செருகினாள்.